உறுப்பும் படையும்

1. தோற்றுவாய்

வாளேந்திய வீரனைப் படையுடையோன் என்கிறோம். கூரிய உகிர் பெற்ற புலியை அங்ஙனம் சொல்வதில்லை. வாள் கையினின்று நீங்கக் கூடியது; உகிர் நீங்காதது. முன்னது செய்பொருள், பின்னது உறுப்பு. இவ்வேறுபாடு எளிதில் விளங்குவதுபோலத் தோன்றும். ஆயினும், மனித வடிவும் விலங்கின் உறுப்பும் ஒருங்கே பெற்ற பாத்திரம் ஒன்றைப் படைத்து, அதன் கையில் வாளையும் கொடுத்துவிட்டால், அதன் உகிர் உறுப்பா, படையா என்னும் வினா எழும். எழுந்தபின் எளிதில் அடங்காது.

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பில் கம்பரின் இரணியன் வதைப் படலத்தைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். படைக்கலத்தால் இறவாமை வரம்பெற்ற இரணியனை நரசிங்கத்தின் உகிர் கொன்றது எனின், உகிர் படைக்கலம் அன்று என்பதுதானே கருத்து என்று ஒரு மாணவர் வினவினார். தாம் நண்பரோடு ஆடிவரும் மேலைநாட்டுக் கதையாட்டம் ஒன்றிலும் இதே வழக்கு உண்டு என்றும், அதன் விதிநூல்கள் இதற்குப் பதிப்புக்குப் பதிப்பு வேறு வேறு விடை கூறுகின்றன என்றும் அவர் சொன்னார். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து. அவ்விதிநூல்களைப் பயின்று, மாந்தர் வடிவினர்க்கு இயற்கைத் தாக்குதல் வழங்கும் முறையில் அடங்கியுள்ள மனிதக் கொள்கை யாது என ஆராய்வதே ஈண்டு நோக்கமாகும். உடம்பில் வளர்ந்த படையை இயற்படை என்றும், செய்து ஏந்தும் படையைச் செய்படை என்றும் இக்கட்டுரை வழங்கும்.

2. விதிநூலும் இலக்கணமும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் ஆட்டம் 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில், டி.எஸ்.ஆர். நிறுவனத்தின் வழி வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் அதன் ஆசிரியர். ஒரு மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். ஒருவர் கதை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பர். செயலின் வெற்றி தோல்வியைக் காய் உருட்டி அறிவர். ஆட்டம் முடிந்தபின் எஞ்சுவது நினைவே. எழுதப்பட்ட கதை அன்று.

எழுதப்பட்டு நிற்பது விதிநூல் ஒன்றே. அதனைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்ளலாமா என ஐயுறுவார் உளர். இலக்கணத்தை எடுத்துக்கொள்வோமெனின் இதனையும் எடுத்துக்கொள்ளலாம் என்பதே விடை. மேசையில் நிகழும் கதை இலக்கியமாயின், அதனை நிகழ்விக்கும் விதி அதற்கு இலக்கணம். இலக்கண நூல் ஒரு மக்கள் உலகைப் பகுத்த முறையைக் காட்டும். தொல்காப்பியர் மக்களை உயர்திணையாகவும் பிறவற்றை அஃறிணையாகவும் வகுத்தது சொல்லின் முடிபு பற்றிய விதி மட்டும் அன்று. உலகைக் கண்ட பார்வையும் ஆகும். கதையாட்டத்தின் விதியும் அத்தகையதே. ஒரு பல்லுக்கு எத்தனை மதிப்பெண் என்று அது கூறுமிடத்தில், பல்லுடையவன் யார் என்பதையும் உடன் கூறிவிடுகிறது.

3. இரு நூல், இரு திணை

இவ்வாட்டத்தின் முற்பகுதியில் உகிரும் வாளும் இரு வேறு நூல்களில் வாழ்ந்தன. 1977இல் வந்த மான்ஸ்டர் மேனுவல் விலங்கும் பூதமும் பற்றிய தொகுதி. ஒவ்வோர் உயிர்க்கும் ஒரு சுற்றில் எத்தனை தாக்குதல், ஒவ்வொன்றும் விளைக்கும் ஊறு எவ்வளவு என அது வரிசைப்படுத்தியது. உகிர், உகிர், கடி என்னும் மும்மை அவ்வாட்டத்தாரிடையே ஒரு வாய்பாடாகவே ஆகிவிட்டது. 1978இல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக் ஆடுவோர் ஏற்கும் பாத்திரங்களைப் பற்றியது. அதில் வாளும் வேலும் வில்லும் பட்டியலாயின. ஆக, படையை உடம்பிலே கொண்டவை ஒரு நூலிலும், கையிலே கொண்டோர் மற்றொரு நூலிலும் நின்றனர். ஏறத்தாழ உயர்திணை அஃறிணைப் பாகுபாடு போன்றதே இது.

இப்பாகுபாடு தற்செயலானது அன்று. 1979இல் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு என்னும் நூலில், பூதங்களை ஆடுவோர் ஏற்றல் தகுமா என்பதைக் கைகாக்ஸ் தனித் தலைப்பிட்டு ஆராய்ந்து, அதனை ஊக்குவியாது விடுத்தார். ஆட்டத்தின் உலகு மனிதனை நடுவாகக் கொண்டது என்பது அவர் கொள்கை.

விதிவிலக்கு ஒன்று அன்றே இருந்தது. 1975இன் பிளாக்மூர் துணைநூலில் தோன்றி, 1978 நூலிலும் இடம்பெற்ற மங்க் என்னும் துறவி வகுப்பினன் வெறுங்கையால் போர் செய்வான். அவன் படிநிலை உயர உயர அவன் கையடியும் வலுப்பெறும். அவன் உடம்பு பிறப்பால் படையானது அன்று; பயிற்சியால் படையானது. இவ்வொருவனை நினைவில் நிறுத்திக்கொள்ளல் வேண்டும்.

2000இல் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வெளியிட்ட மூன்றாம் பதிப்பு, பூதத்துக்கும் வீரனுக்கும் ஒரே வகையான கட்டமைப்பை வழங்கியது. வலிமை, அறிவு முதலிய ஆறு பண்புகளும் இருபாலார்க்கும் ஒரே அளவையால் அளக்கப்பட்டன. அளவை ஒன்றானபின் மதில் நில்லாது. பூதங்களை ஆடுபாத்திரமாக ஏற்பதற்கென்றே 2003இல் சேவேஜ் ஸ்பீசீஸ் என்னும் நூல் வந்தது. உகிர் இவ்வாறு வீரர் நூலுக்குள் புகுந்தது.

4. கணக்கு உரைக்கும் கதை

மூன்றாம் பதிப்பின் வழிவந்தது 2009இல் பெய்சோ நிறுவனம் வெளியிட்ட பாத்ஃபைண்டர். இயற்படைக்கு மிக விரிவான இலக்கணம் வகுத்தது இதுவே எனலாம். இயற்படை முதன்மை, துணைமை என இருவகைப்படும். கடி, உகிர், கொம்பு ஆகியவை முதன்மை; குளம்பு, சிறகு, வாலடி ஆகியவை துணைமை. முதன்மைப்படை முழு ஆற்றலோடு தாக்கும். துணைமைப்படை இலக்கில் 5 குறைந்தும், வலிமையில் பாதியே பெற்றும் தாக்கும். ஒருவன் வாளும் ஏந்தி உறுப்பாலும் தாக்குவானாயின், அவனுடைய இயற்படை அனைத்தும் துணைமையாகிவிடும். வாளேந்திய கையின் உகிரோ அவ்வேளையில் பயன்படாது. கை ஒன்றே, உகிராக இருப்பதா, வாள் பிடிப்பதா என அது தேர்ந்துகொள்ளல் வேண்டும்.

இவ்விதி வெறும் கணக்கு என்று தோன்றும். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 2010இல் வந்த அட்வான்ஸ்டு பிளேயர்ஸ் கைடு, ஆர்க் இனக் கலப்புடைய அரை-ஆர்க்கன் ஒருவனுக்குக் கடிக்கும் பல்லைப் பெறும் உரிமை அளித்தது. அதன் ஊறு நான்முகக் காய் ஒன்று. அவன் பார்பேரியன் என்னும் வன்மறவர் வகுப்பினனாயின், 2ஆம் படிநிலையில் சினங்கொள்ளும் பொழுது இரு கைகளிலும் உகிர் பெறலாம். ஒவ்வொன்றின் ஊறும் அறுமுகக் காய் ஒன்று. வலிமையைச் சேர்க்காமல் கணக்கிட்டால், மூன்று தாக்குதலும் பட்டவிடத்துச் சராசரி ஊறு 9.5 ஆகும். அதே நிலையில் எண்முகக் காய் பெற்ற நீள்வாளை ஒரு கையில் ஏந்தியவனுக்குத் தாக்குதல் ஒன்றே, சராசரி 4.5. தொடக்கத்தில் உகிர் வாளை எளிதில் வெல்கிறது.

ஆயின், வன்மறவனும் படைவீரனும் 6ஆம் படிநிலையை எய்தும்போது வாளுக்கு இரண்டாம் தாக்குதல் கிட்டும்; 11இல் மூன்றாவது; 16இல் நான்காவது. இயற்படைக்கு இவ்வளர்ச்சி இல்லை. இரு உகிரும் ஒரு கடியும் பெற்றவன் முதலில் மூன்று முறை தாக்கினான். முடிவிலும் மூன்று முறையே தாக்குவான். இலக்கில் அவன் குறைவடைவதில்லை என்பது மெய்யே. எண்ணிக்கையில் வளர்வதில்லை என்பதும் மெய்யே.

இக்கணக்கு ஒரு கதையை உரைக்கிறது. இயற்கை தருவதை முதலிலேயே தந்துவிடுகிறது; கல்வி காலந்தோறும் தருகிறது. விலங்கு பிறந்தபோதே முழுமையானது. மனிதன் முழுமையாகிக்கொண்டே இருப்பவன். பிளேட்டோவின் புரோட்டகோரஸ் உரையாடலில் வரும் தொன்மமும் இதனையே கூறும். உயிர்களுக்குக் கொடை பகிர்ந்த எபிமீதியஸ், உகிரும் குளம்பும் தோலும் விலங்குகளுக்கே கொடுத்துத் தீர்த்துவிட்டான். மனிதன் வெற்றுடம்போடு நின்றான். அதுகண்ட புரோமீதியஸ் தீயையும் தொழிலறிவையும் கவர்ந்து அவனுக்கு அளித்தான். உகிர் இன்மையே தொழிலுக்குத் தோற்றுவாய் என்பது அத்தொன்மத்தின் கருத்து. பாத்ஃபைண்டரின் ஆசிரியர்கள் பிளேட்டோவை நினைந்தனரோ இலரோ, அவர்தம் எண்கள் அத்தொன்மத்தோடு ஒத்து நிற்கின்றன.

ஆனால் இதே அரை-ஆர்க்கனிடம் ஒரு குறையும் காண்கிறோம். பல்லைப் பெறுவதற்கு அவன் இழப்பது யாது? உயிர் ஒடுங்கும் நிலையிலும் மேலும் ஒரு சுற்று வீழாது பொருதும் விறலை அவன் இழக்கிறான். உள்ளத்தின் உறுதியைக் கொடுத்து வாயின் கூர்மையை வாங்குகிறான். விதியாசிரியர்க்கு இஃது ஈடுசெய்யும் முறை. படிப்பவர்க்கோ மறத்தை விற்றுப் பல்லை வாங்கிய பண்டமாற்றாகப் படுகிறது.

5. படை எனப்படுவது யாது

மாணவர் எழுப்பிய வினாவுக்கு இனி வருவோம். மூன்றாம் பதிப்பிலும் பாத்ஃபைண்டரிலும் பயிற்சியில்லா மனிதன் வெறுங்கையால் ஓங்கினால், அவன் படையில்லாதவன். படையேந்திய எதிரி அவனை இடையிலே தாக்கும் வாய்ப்புப் பெறுவான். உகிருடையோன் அவ்வாறு தாக்கப்படான்; வெறுங்கையனாயினும் அவன் படையுடையவனாகவே எண்ணப்படுவான். மங்க் வகுப்பினன் கைக்கோ வேறு சிறப்பு உண்டு. மந்திரத்தால் படையை வலுப்படுத்தும்போது அவன் கை இயற்படையாகவும் செய்படையாகவும் ஒருங்கே கொள்ளப்படும். இயற்படைக்கு ஒரு மந்திரமும் செய்படைக்கு வேறொரு மந்திரமும் உள்ள அவ்வுலகில், இரண்டையும் ஏற்கும் உறுப்பு பயிற்சி பெற்ற கை ஒன்றே. தவத்தால் தன் உடம்பைத் தானே செய்துகொண்டவன் என்னும் கருத்து இச்சிறு விதியில் பொதிந்துள்ளது. அந்நூல்களில் யான் கண்ட மிகச் சிறந்த விதி இது.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு இப்பகுதியில் தடுமாறியது. வெறுங்கை அடியை முதலில் படைக்கலப் பட்டியலிலேயே அச்சிட்டனர். பின்னர் வெளியிட்ட திருத்தத்தில், அதற்கு அப்பட்டியலில் இடமில்லை என நீக்கினர். நம் ஏட்டுச் சுவடிகளில் பாட வேறுபாடு காண்பார்க்கு இத்திருத்தம் சுவை பயக்கும். ஒரு சொல் பட்டியலில் நின்றதும் நீங்கியதும் அச்சுப்பிழை போலத் தோன்றினும், கை படையா என்னும் பழைய வினாவே அங்கு இருமுறை விடைபெற்றுள்ளது.

இரணியன் கதையும் இவ்வெல்லையிலேயே நடைபெறுகிறது. அவன் பெற்ற வரம் ஒரு விதிநூல். உலகத்துப் பொருள்களை வகைப்படுத்தி, ஒவ்வொரு வகையையும் விலக்கிக்கொண்டது. அவனைக் கொன்ற உருவமோ வகைகளுக்கு இடையே தோன்றியது. உகிர் படையாகாது என்பது அன்று அக்கதையின் பொருள். வகைப்பாட்டை முழுதும் நம்பியவன் அதன் இடைவெளியில் வீழ்வான் என்பதே பொருளாம்.

6. பல்லிமாந்தரும் பூனைமாந்தரும்

2016இல் வந்த வோலோஸ் கைட் டு மான்ஸ்டர்ஸ் என்னும் நூல், ஆடுவோர் ஏற்கத்தக்க புதிய இனங்கள் சிலவற்றைத் தந்தது. அவற்றுள் டபாக்சி என்னும் பூனைமாந்தரும் லிசர்ட்ஃபோக் என்னும் பல்லிமாந்தரும் நம் ஆய்வுக்கு உரியர்.

பூனைமாந்தரின் உகிரைப் பற்றிய விதி முதற்கண் அவர் ஏறும் திறத்தைக் கூறுகிறது. ஒரு சுற்றில் 20 அடி ஏறுவர். தாக்கும் திறம் அதன்பின்னரே வருகிறது. அதன் ஊறு நான்முகக் காய் ஒன்று. இவ்வரிசை முறை நோக்கற்பாலது. உகிர் முதலில் மரத்துக்கு உரியது. பின்னரே பகைவனுக்கு உரியது. உறுப்புக்கு வாழ்வில் ஓர் இடம் உண்டு எனக் காட்டிய பிறகே அதற்குப் போரில் இடம் தரப்படுகிறது.

பல்லிமாந்தரின் விதி இன்னும் சிறந்தது. அவர் கடி அறுமுகக் காய் ஒன்று. இடை ஓய்வுக்கு ஒருமுறை, பசித்த வாயால் கடித்துத் தற்காலிக உயிராற்றல் பெறுவர். கடித்தல் அங்கு உண்ணலும் ஆகிறது. அதனினும் மேலாக, வீழ்த்திய விலங்கின் எலும்பும் தோலும் கொண்டு கேடயமும் தண்டும் எறிவேலும் செய்யும் கைத்தொழில் அவர்க்கு இனவியல்பாகவே கொடுக்கப்பட்டது. எபிமீதியஸின் கொடையும் புரோமீதியஸின் கொடையும் ஓருடம்பில் அமைந்தன. பல்லுடையோன் கருவியும் செய்வான். செய்படையும் இயற்படையும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்னும் அரிய கருத்து இவ்வமைப்பில் உளது.

மற்றொரு மாற்றமும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. இவ்வினங்களின் உகிரும் பல்லும் வெறுங்கை அடியின் வகையாகவே ஐந்தாம் பதிப்பில் கொள்ளப்பட்டன. ஆதலின் படைவீரன் பயிற்சியால் மிகுதித் தாக்குதல் பெறும்போது உகிரும் உடன் பெறும். உகிர் கற்கத் தொடங்கிவிட்டது. பாத்ஃபைண்டரின் எண்கள் உரைத்த பழந்தொன்மம் இதனால் மங்கியது. ஆனால் உகிருடையோன் பெருமை உயர்ந்தது.

2022இல் வந்த மான்ஸ்டர்ஸ் ஆஃப் தி மல்ட்டிவர்ஸ் என்னும் நூல் இவ்வினங்களை மீண்டும் எழுதியது. பூனைமாந்தரின் உகிர் அறுமுகக் காயாக உயர்ந்தது. பல்லிமாந்தர்க்குக் கடியும் பசித்த வாயும் நிலைத்தன. ஆயின் எலும்பிலும் தோலிலும் கருவி செய்யும் தொழில் நீக்கப்பட்டது. பல் எஞ்சியது, கைத்தொழில் போயிற்று. பயன் குறைந்த விதி என நீக்கியிருத்தல் கூடும். எனினும் அந்த இனத்தின் மனிதத் தன்மையைத் தாங்கிய தூண் அதுவே என்பது அடியேன் கருத்து.

7. கம்பர் காட்டும் வழி

தமிழிலக்கியம் பயின்றார்க்கு இச்சிக்கல் புதிது அன்று. கம்பரின் வானரர் மரமும் மலையும் பறித்து எறிவர். பல்லாலும் உகிராலும் பொருவர். வாலுடையோர். ஆயினும் அனுமனை நாம் முதலில் அறிவது வாலால் அன்று, வாயால். இராமனும் இலக்குவனும் அவனைக் கண்டபோது அவன் பேசுகிறான். பேச்சைக் கேட்ட இராமன் அவன் சொல்வன்மையை வியக்கிறான். சொல்லை முன்னிறுத்திய பின்னரே அவ்வுடம்பின் பேராற்றலைக் கம்பர் விரிக்கிறார். இலங்கையில் தீ மூட்டும் வால், சொல்லறிந்தவன் வால் என நாம் முன்னரே அறிவோம். ஆதலின் அது விலங்கின் வாலாகத் தோன்றுவதில்லை.

மரபியலும் இதற்கு இடந்தருகிறது. உயிர்களை அறிவின் அடைவில் வகுத்த தொல்காப்பியர், மனமாகிய ஆறாம் அறிவால் மக்களை வேறுபடுத்தினார். உறுப்பின் வடிவால் அன்று. அவ்வறிவுடையார் மக்களின் வேறான பிறப்பினரும் உளராதற்கு வாயில் திறந்தும் வைத்தார். உகிருடைமை ஒருவரை அஃறிணை ஆக்காது. மனம் மறுக்கப்படுதலே ஆக்கும்.

8. தடையும் விடையும்

இதனை மறுப்பார் கூறுவன இரண்டு. ஆட்டத்தில் விதி வேண்டப்படுவது பெரும்பாலும் போருக்கே. பல்லுடையோன் எவ்வாறு உண்கிறான், குழந்தையை எவ்வாறு தூக்குகிறான் என்பவற்றை மேசையில் அமர்ந்தோர் தாமே கற்பனை செய்துகொள்வர் என்பது ஒன்று. இது பாதி மெய். விதி தடுக்காததைக் கற்பனை செய்யலாம். ஆனால் விதி எதற்குப் பயன் தருகிறதோ அதனையே ஆடுவோர் மிகுதியாகச் செய்வர். கடிக்கு எண் உண்டு, தொழிலுக்கு எண் இல்லை எனின், பாத்திரம் கடித்துக்கொண்டே இருக்கும். இலக்கணம் சொல் வகுக்காத பொருள் பேச்சில் அருகுவது போன்றது இது.

மனித வடிவினர்க்கு உகிர் கொடுத்தலே இழிவு என்பது மற்றொன்று. ஓரினத்தைப் பிறவியிலேயே கொடியதாகச் சித்திரிக்கும் வழக்கம் அண்மையில் பெரிதும் கண்டிக்கப்பட்டது. 2020இல் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனமே ஆர்க், டிரோ ஆகிய இனங்களைத் தாம் காட்டிய முறை சரியன்று என ஏற்று, மாற்றுவதாக அறிவித்தது. 2024இன் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் இனத்துக்கு வழங்கிவந்த ரேஸ் என்னும் ஆங்கிலச் சொல்லையே கைவிட்டது. அந்நூலில் உள்ள 10 இனங்களுள் ஒன்றுக்கும் உகிரோ கடியோ தாக்குதலாக வழங்கப்படவில்லை. டிராகன்பார்ன் இனத்தார்க்கு மூச்சுப்படை மட்டும் உண்டு. அடிப்படை நூலின் மாந்தர் மீண்டும் எபிமீதியஸ் மறந்த மனிதராகவே நிற்கின்றனர்.

இழிவை அஞ்சி உகிரையே நீக்குதல் நோய்க்கு மருந்தாகாது. மாந்தர் அனைவர்க்கும் நம் உடம்பே வேண்டும் என்பதும் ஒருவகைக் குறுக்கமே. வேற்றுடம்பு உடையாரிடத்தும் நம்மை ஒத்த மனம் உண்டு என ஏற்கச் செய்வதன்றோ கற்பனையின் பெரும்பணி? உகிர் கொடுத்தல் குற்றமன்று. உகிரை மட்டும் கொடுத்தலே குற்றம்.

9. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், மாந்தர் வடிவினர்க்கு இயற்படை வழங்கும் விதியை மதிப்பிட மூன்று அளவைகள் பெறப்படும். ஒன்று, அவ்வுறுப்புக்குப் போருக்கு வெளியேயும் ஒரு வாழ்வு இருத்தல் வேண்டும். பூனைமாந்தரின் ஏறும் உகிர் இதற்குச் சான்று. இரண்டு, அவ்வுடம்பு கற்கக் கூடியதாக இருத்தல் வேண்டும். மங்க் வகுப்பினன் கையும் ஐந்தாம் பதிப்பின் உகிரும் சான்று. மூன்று, அவ்வுறுப்பு தொழிலோடும் சொல்லோடும் உடனுறைதல் வேண்டும்; 2016இன் பல்லிமாந்தர் சான்று. இம்மூன்றும் அமைந்தவிடத்து உகிருடையோன் மாந்தனே. அமையாதவிடத்து அவன் வாள் பிடிக்கவும் தெரிந்த விலங்கு.

புரோட்டகோரஸ் கூறிய தொன்மம் தீயோடும் தொழிலோடும் முடியவில்லை. தொழிலறிவு பெற்ற பின்னரும் மனிதர் ஒருவரையொருவர் நலிந்தமையால், நாணத்தையும் நீதியையும் சீயஸ் கடவுள் எல்லார்க்கும் பொதுவாக அனுப்பினார் என்பது அதன் இறுதிப் பகுதி. விதிநூல் எழுதுவோர் பல்லுக்கும் வாளுக்கும் எண் வகுத்துவிட்டனர். அவற்றைப் பயன்கொள்ளாது அடக்கும் உள்ளத்துக்கு எவ்வெண் வகுப்பது என்பதே இனி அவர் முன் நிற்கும் வினா. நம் மாணவர் அந்நூல்களைப் பயிலும்போது இவ்வினாவையும் உடன்கொண்டு பயில்வாராக.